சிக்லிட் மீனின் நிறம் எங்கே போனது? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

மீனின் நிறம் மங்கினால் நாம் முதலில் ஓடுவது தீவனக் கடைக்கு. டப்பாவின் மேல் சிவப்பும் மஞ்சளுமாக ஒரு மீன் படம், கீழே 'நிறம் கூட்டும்' என்று ஒரு வாக்குறுதி. அப்படி வாங்கிய டப்பாக்கள் என் அலமாரியில் ஒரு காலத்தில் வரிசையாக நின்றன. மீன்களோ சாம்பல் நிறத்தில் மூலையில் நின்றன. தீவனம் குற்றவாளியாக இருக்கும் நேரங்கள் உண்டு, ஆனால் குறைவு. பெரும்பாலும் குற்றவாளி அதே தொட்டியில், நல்ல நிறத்தோடு, நடுவில் நீந்திக்கொண்டிருக்கும்.

இங்கே பேசுவது முக்கியமாக ஆப்பிரிக்காவின் மலாவி ஏரியிலிருந்து வந்த, சிக்லிட் குடும்பத்து அலங்கார மீன்களைப் பற்றி. பீகாக் என்று நாம் அழைக்கும் ஆலோனோகாரா, பாறைகளில் பாசி மேயும் ம்புனா, திறந்த நீரில் திரியும் ஹாப் வகைகள் ஆகிய மூன்றும்தான் நம் ஊர்த் தொட்டிகளில் அதிகம்.

எந்த மருந்தையும் தீவனத்தையும் தொடுவதற்கு முன் ஒரு கேள்விக்கு விடை கண்டுபிடியுங்கள். நிறம் எவ்வளவு வேகத்தில் போனது?

மீனின் தோலில் கருநிறமிச் செல்கள் இருக்கின்றன. அவற்றுக்குள் இருக்கும் கருமைத் துகள்கள் செல் முழுக்கப் பரவினால் மீன் இருளும். நடுவில் குவிந்தால் வெளுக்கும். இதை நரம்புகளும் ஹார்மோன்களும் இயக்குகின்றன, சில நிமிடங்களிலேயே முடிந்துவிடும் வேலை. மஞ்சளும் சிவப்பும் வேறு கணக்கு. அவை கரோட்டினாய்டு நிறமிகள். மீனின் உடலால் அவற்றைப் புதிதாக உருவாக்க முடியாது, உணவிலிருந்துதான் வர வேண்டும். எனவே ஏறவும் இறங்கவும் வாரக்கணக்கில் ஆகும். நீலம் இன்னும் விநோதமானது. அது பெரும்பாலும் நிறமியே இல்லை. குவானின் என்ற பொருளின் மெல்லிய படிகத் தகடுகள் ஒளியைச் சிதறடிப்பதால் நம் கண்ணுக்குத் தெரியும் தோற்றம் அது. 'நீலத்தைக் கூட்டும் தீவனம்' என்று யாராவது விற்றால் சிரித்துவிட்டு நகரலாம்.

ஆக, நிமிடங்களில் போனால் பயம், சண்டை, ஒளி. ஓரிரு நாளில் போனால் தண்ணீர் அல்லது நோய். வாரங்களில் போனால் உணவு. வரவே இல்லை என்றால் பாலினம், வயது, பிறப்பு. இனி அறிகுறிவாரியாகப் பார்க்கலாம்.

விளக்கைப் போட்டதும் வெளுத்து நிற்கிறது

இது கோளாறே அல்ல. இரவில் பல சிக்லிட்கள் நிறத்தை அடக்கிக்கொண்டு பட்டைகளோடு கிடக்கும். திடீரென வெளிச்சம் விழுந்தால் திகைப்பு வேறு. அரை மணி நேரம் விட்டுப் பாருங்கள். அறை விளக்கை முதலில் போட்டு, கால் மணி நேரம் கழித்துத் தொட்டி விளக்கைப் போட்டால் இந்தத் திகைப்பும் குறையும். புதிதாக வாங்கி வந்த மீனுக்கு ஒன்றிரண்டு வாரம் அவகாசம் கொடுங்கள். பிளாஸ்டிக் பையிலிருந்து இறங்கிய அன்றே தோகை விரிக்கச் சொல்வது நியாயமில்லை.

ஒரு ஆண் மட்டும் மின்னுகிறது, மற்றவை சாம்பல்

எனக்கு வரும் புகார்களில் பாதிக்கு மேல் இதுதான். இதைப் புரிந்துகொண்டால் சிக்லிட் வளர்ப்பே புரிந்த மாதிரி.

ஆண் சிக்லிட்டுக்கு நிறம் என்பது ஓர் அறிவிப்பு. 'இந்த இடம் என்னுடையது' என்ற அறிவிப்பு. அதைச் சொல்லத் துணிவில்லாத ஆண், பெண்ணின் சாம்பல் நிறத்தை அணிந்துகொண்டு அடி வாங்காமல் தப்பிக்கும். டாங்கன்யிகா ஏரிப் பகுதியைச் சேர்ந்த ஆஸ்டாடோடிலாபியா பர்டோனி என்ற சிறு சிக்லிட்டை அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ரஸ்ஸல் ஃபெர்னால்டு குழுவினர் நெடுங்காலம் ஆராய்ந்தார்கள். தொட்டியில் ஆட்சி செய்யும் ஆணை எடுத்துவிட்டால், அதுவரை அடங்கிக் கிடந்த இன்னொரு ஆண் சில நிமிடங்களிலேயே நிறமேற்றிக்கொண்டு அதிகாரம் செய்யத் தொடங்குகிறது. அதோடு நிற்பதில்லை, நாட்கள் செல்லச் செல்ல அதன் மூளையில் இனப்பெருக்கத்தை இயக்கும் நரம்பணுக்களும் பெரிதாகின்றன.

என் வீட்டுத் தொட்டியிலும் இதையே பார்த்தேன். மஞ்சள் நிற பீகாக் ஒன்று இரவில் மூடி இடுக்கு வழியாகத் துள்ளி விழுந்து இறந்துபோனது. அதன் அடிவருடியாக ஓராண்டு ஹீட்டருக்குப் பின்னால் ஒளிந்திருந்த ஒரு மண்நிற மீன், நான் பெண் என்றே நம்பியிருந்தது, மறுநாள் மாலை முகத்தில் நீலத்தோடு தொட்டியின் நடுவில் உலவியது. அந்த ஓராண்டில் அதற்காக எத்தனை டப்பா வாங்கினேன்!

எனவே, சந்தேகத்துக்குரிய மீனைத் தனித் தொட்டிக்கு மாற்றுங்கள். அல்லது தொட்டியின் ஒரு பகுதியை ஒளி ஊடுருவாத தடுப்பால் பிரியுங்கள். கண்ணாடித் தடுப்பு வேண்டாம், ரவுடி அதன் வழியாகவே முறைத்துக்கொண்டிருப்பான். சில நாட்களில் நிறம் ஏறினால் நோயும் இல்லை, உணவுக் குறையும் இல்லை. அண்டை வீட்டுக்காரர்தான் பிரச்சினை.

பிறகு தொட்டியைத் திருத்த வேண்டும். முதலில் கற்கள். ஒரே குவியலாக இருந்தால் ஒரே ராஜாதான். இரண்டு மூன்று குவியல்களாகப் பிரித்து, ஒன்றிலிருந்து பார்த்தால் மற்றொன்று தெரியாதபடி அடுக்குங்கள். அடுக்கும்போது ஆட்சி செய்யும் ஆணை ஒரு வாரம் வெளியே வைத்துவிட்டு, இடமெல்லாம் மாறிய பின் கடைசியாக விடுங்கள். திரும்பி வரும்போது அது புது ஊருக்கு வந்த விருந்தாளி. பழைய பட்டா செல்லாது.

அடுத்தது யாரோடு யார் என்பது. ஒரே மாதிரி நிறமுள்ள இரண்டு ஆண்களை ஒரு தொட்டியில் போட்டால் பலவீனமானது நிறத்தைக் கழற்றிவிடும். ஃப்ரையெரி என்ற நீல ஹாப் மீன் இருக்கும் நான்கடித் தொட்டியில் இன்னொரு நீல மீனை வைத்துவிட்டு அதுவும் மின்ன வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஆண்கள் மட்டும் உள்ள தொட்டி வேண்டுமென்றால், ஒவ்வொன்றும் வேறு வடிவம், வேறு நிறம் என்று பொறுக்குங்கள். அதில் ஒரு பெண்கூட இருக்கக் கூடாது. ஒரே ஒரு பெண் வந்தாலும் அன்றே போர்க்களம். ஆணும் பெண்ணுமாக வளர்ப்பவர்கள் ஒரு ஆணுக்கு மூன்று நான்கு பெண் என்ற கணக்கில் வையுங்கள். பெண்களே இல்லாமல் தனியாக வளரும் ஆணும் நிறம் காட்டும், ஆனால் பார்க்க ஆளில்லாத மேடையில் அந்தப் பளபளப்பு கொஞ்சம் குறைவுதான்.

பீகாக்குகளை ம்புனாவோடு கலப்பது பலர் செய்யும் தவறு. ம்புனா இயல்பிலேயே முரடு. பீகாக், மணலை ஒட்டி நின்று, தலையில் உள்ள பெரிய உணர்வுக் குழிகளால் மண்ணுக்குள் நெளியும் பூச்சிகளைக் கண்டறிந்து கொத்தும் நிதானமான ஜாதி. ஆலோனோகாரா என்ற கிரேக்கப் பெயரில் புல்லாங்குழல் இருப்பது அந்தக் குழிகளால்தான். புல்லாங்குழல்காரனை ரவுடிகளின் தெருவில் குடிவைத்தால் வாசிக்க மாட்டான்.

எல்லா மீனும் ஒரே நேரத்தில் வெளுத்துவிட்டன

ஒரு மீன் வெளுத்தால் அரசியல். எல்லாம் வெளுத்தால் தண்ணீர். சோதனைத் திரவத்தை எடுங்கள். அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யத்தில் இருக்க வேண்டும். நைட்ரேட் லிட்டருக்கு 40 மில்லிகிராமைத் தாண்டினால் வாரா வாரம் மாற்றும் தண்ணீர் போதவில்லை என்று பொருள்; 20க்குள் வைத்தால் நல்லது. மலாவி மீன்காரர்கள் அம்மோனியா விஷயத்தில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். தண்ணீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் பி.எச். அளவு 7இலிருந்து 8க்கு ஏறும்போது, அதே அளவு அம்மோனியாவில் நஞ்சாக இருக்கும் பங்கு ஏறத்தாழ பத்து மடங்காகிறது. தங்கமீன் தாங்கிய அழுக்கை இங்கே அனுமதிக்க முடியாது.

இந்த மீன்களுக்கு பி.எச். 7.8 முதல் 8.5 வரை, வெப்பம் 25 முதல் 27 டிகிரி வரை, ஓரளவு கடினமான தண்ணீர் வேண்டும். சென்னையில் பல இடங்களில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரே இதற்குப் பொருந்திவிடும். குடிக்க உதவாத அந்தத் தண்ணீரை மலாவி மீன் சொந்த ஊர் என்று நினைத்துக்கொள்ளும். ஆனால் 'மீனுக்கு நல்லது செய்கிறேன்' என்று சமையலறை ஆர்.ஓ. இயந்திரத்திலிருந்து தண்ணீர் பிடித்து ஊற்றுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தாது உப்பெல்லாம் வடிகட்டப்பட்ட தண்ணீர் அது. சில வாரங்களில் பி.எச். சரிந்து மீன்கள் துடுப்பை மடக்கிக்கொள்ளும். கோயம்புத்தூரில் சிறுவாணித் தண்ணீரைப் பயன்படுத்துகிறவர்களுக்கும் இதே எச்சரிக்கை. குடிக்க அமுதம், மலாவி மீனுக்கு மிக மென்மை.

மென்தண்ணீரைச் சரிசெய்ய ஃபில்டருக்குள் ஒரு வலைப்பையில் உடைத்த பவளத்தூளைப் போடுங்கள். அவசரத்துக்குச் சமையல் சோடா உதவும்: 50 லிட்டருக்கு 5 கிராம், அதாவது ஒரு தேக்கரண்டி, பி.எச். சரியாமல் தாங்கிப் பிடிக்கும் கார்பனேட் கடினத்தன்மையை ஏறத்தாழ மூன்று ஜெர்மன் டிகிரி (அதை அளக்கும் அலகு) உயர்த்தும். ஒரே நாளில் கொட்டாதீர்கள்; தண்ணீர் மாற்றும்போது புதுத் தண்ணீரில் கரைத்து மெல்ல மெல்ல. குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால் நீக்கும் திரவம் விடாமல் ஊற்றவே வேண்டாம்.

பவளத்தைத் தரையில் ஏன் பரப்பச் சொல்லவில்லை? தண்ணீருக்கு அது நல்லது, நிறத்துக்கு எதிரி. மீனின் கண், மேலிருந்து விழும் ஒளியையும் தரையிலிருந்து திரும்பும் ஒளியையும் ஒப்பிட்டு உடலின் நிறத்தை அமைக்கிறது. தரை வெள்ளையாக இருந்தால் மீனும் வெளுக்கும். பறவைக்கு இரையாகாமல் இருக்க இயற்கை கொடுத்த ஏற்பாடு. எனவே பழுப்பு அல்லது அடர் மணல் நிறத் தரை, பின்னால் ஒரு கறுப்புச் சார்ட் பேப்பர். இருபது ரூபாய் செலவு. நான் செய்த மாற்றங்களில் மிக மலிவானதும் மிக வேகமாகப் பலன் தந்ததும் இதுதான். ஒரே வாரத்தில் வித்தியாசம் தெரிந்தது. தரையை முழுக் கறுப்பாக்கினால் சில வகைகள் அளவுக்கு மீறி இருண்டுபோகும் என்பதால் தரையில் நடுத்தரம், சுவரில் கறுப்பு என்று பிரித்துக்கொண்டேன்.

ஒளியையும் இங்கேயே முடித்துவிடலாம். பீகாக்குகள் பாறை நிழலில் வாழ்பவை. கண்கூசும் வெளிச்சத்தில் அவை சுருங்கும். மிதமான வெள்ளை விளக்கு, ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம், போதும். தொட்டியில் மரக்கட்டை வைத்து, தண்ணீர் தேநீர் நிறத்துக்குப் போயிருந்தால் நீலம் செத்துவிடும். கட்டையை எடுத்துவிட்டு ஃபில்டரில் கரித்துண்டுப் பை வையுங்கள். கலங்கல் நீரின் விளைவு இயற்கையிலேயே பதிவாகியிருக்கிறது. விக்டோரியா ஏரி மாசுபட்டுக் கலங்கிய பகுதிகளில் சிக்லிட் ஆண்களின் நிறம் மங்கியதையும், பெண்கள் தம் இனத்து ஆணை நிறம் பார்த்துத் தேர்ந்தெடுக்க முடியாமல் போய் இனங்கள் கலந்ததையும் ஓலே சீஹௌசன் குழுவினர் 1997இல் சயன்ஸ் இதழில் எழுதினார்கள். கலங்கிய தண்ணீரில் அலங்காரத்துக்கு அர்த்தமில்லை.

வெளுக்கவில்லை, கறுத்துவிட்டது

ஒரு மீன் மட்டும் கறுத்து, மேல்பரப்பில் அல்லது மூலையில் ஒதுங்கி, உணவை வாயில் வாங்கித் துப்பினால் கவலைப்படுங்கள். வெள்ளை நூல் போன்ற கழிவும் வீங்கிய வயிறும் சேர்ந்திருந்தால் மலாவி வீக்கம் என்ற நோயாக இருக்கலாம். உடனே தனிமைப்படுத்தி, உணவை நிறுத்தி, தண்ணீரின் தரத்தைச் சரிபார்த்து, மீன் நோய் அறிந்தவரிடம் மருந்து கேளுங்கள். நிறத்தைப் பற்றிய பேச்சு பிறகு.

நன்றாகச் சாப்பிடுகிறது, ஆனாலும் நிரந்தரமாகக் கறுப்பு. தீவனம் விழும் திசையைத் தவறவிடுகிறது என்றால் கண்ணைப் பாருங்கள். பார்வை போன மீனுக்குத் தரையின் ஒளியை அளக்க வழியில்லை, அதனால் உடல் இருளிலேயே நின்றுவிடும். ஒரு பக்கம் மட்டும் கறுத்த மீனில் அந்தப் பக்கத்துக் காயத்தையும் நரம்புப் பாதிப்பையும் சந்தேகிக்க வேண்டும்.

மகிழ்ச்சியான கறுப்பும் உண்டு. மெலனோகுரோமிஸ் அவுராடஸ் என்ற ம்புனா வகை குஞ்சில் மஞ்சளாக இருக்கும். ஆண் வளர்ந்து ஆட்சிக்கு வந்ததும் கருநிறமாகும். அதை மருந்துத் தொட்டியில் போட்டு வதைத்த ஒருவரை எனக்குத் தெரியும். அவர் வேறு யாருமல்ல, இதை எழுதுகிறவர்தான்.

நீலம் அப்படியே இருக்கிறது, மஞ்சளும் சிவப்பும் மட்டும் சோகை

இப்போதுதான் தீவனத்தின் முறை. முதலில் டப்பா எப்போது திறக்கப்பட்டது என்று யோசியுங்கள். கரோட்டினாய்டுகள் காற்றிலும் வெப்பத்திலும் வெளிச்சத்திலும் சிதைபவை. கடையில் மூட்டை பிரித்துப் பாலிதீன் பையில் கட்டிக் கொடுக்கும் தீவனம், நம் ஊர் மே மாத வெயிலில், ஜன்னலோரம். அதில் நிறமி மிச்சமிருந்தால் அதிசயம். சிறிய டப்பாவாக வாங்கி, மூன்று மாதத்துக்குள் தீர்த்துவிடுங்கள். கூடுதலாக இருப்பதைக் குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள்.

பொருள் பட்டியலில் ஸ்பைருலினா (ஒரு நீலப்பச்சைப் பாசி), கிரில் (இறால் போன்ற சிறு கடலுயிர்), அஸ்டாசாந்தின் (சிவப்புக் கரோட்டினாய்டு) ஆகிய பெயர்களைத் தேடுங்கள். வீட்டிலும் செய்யலாம்: ஓட்டோடு அரைத்த இறால், வேகவைத்துத் தோலுரித்த பட்டாணி, கொஞ்சம் கீரை, ஸ்பைருலினாத் தூள், எல்லாவற்றையும் அகர் அகர் கஞ்சியில் கலந்து தட்டில் உறையவிட்டுத் துண்டு போட்டுக் குளிரில் உறையவைக்கலாம். உப்பு சேர்க்கக் கூடாது. பீகாக்குகளுக்கு இறால் தாராளம். ம்புனாவுக்கு இறாலைக் குறைத்துப் பச்சையைக் கூட்டுங்கள். பாசி மேயும் குடலுக்கு மாமிசம் ஒத்துக்கொள்ளாது. நிறத்துக்கு ஆசைப்பட்டு மாட்டு இதயம் கொடுத்து வீக்க நோயை வரவழைத்துக்கொண்டவர்கள் ஏராளம்.

ஆறு வாரம் பொறுங்கள். அதற்கு முன் தீவனத்தை மாற்றினால் எது வேலை செய்தது என்றே தெரியாது. அளவும் முக்கியம்: சிவப்பு கூட்டும் தீவனத்தை மட்டுமே கொடுத்தால் எலுமிச்சை மஞ்சளாக இருக்க வேண்டிய எல்லோ லாப் என்ற ம்புனா ஆரஞ்சுப் பக்கம் சாயும். சிலருக்கு அது பிடிக்கிறது. எனக்கு அது மஞ்சள்காமாலை கண்ட மாதிரி இருக்கிறது.

கடையில் ஜொலித்தது, வீட்டுக்கு வந்து மூன்று மாதத்தில் சாம்பல்

முதலில் கடையின் விளக்கைச் சந்தேகியுங்கள். ஊதாவும் இளஞ்சிவப்பும் கலந்த விளக்கின் கீழ் எந்த மீனும் மாப்பிள்ளைதான். கடைக்காரரிடம் சொல்லி ஒரு நிமிடம் வெள்ளை வெளிச்சத்தில் பாருங்கள்; கைப்பேசி விளக்கே போதும்.

விளக்கு காரணமில்லை என்றால் ஹார்மோன். பண்ணைகளில் திலாப்பியாக் குஞ்சுகளை ஆணாக்கப் பயன்படும் மீத்தைல் டெஸ்டோஸ்டிரோனைத் தீவனத்தில் கலந்தால், நிறமேறாத வயதிலேயே குஞ்சுகள் முழு ஆண் வண்ணத்தைக் காட்டும், பெண்களும்கூட. ஊசி நிறுத்திய பயில்வான் மாதிரி, வீட்டுக்கு வந்து சாதாரணத் தீவனம் தின்னத் தொடங்கியதும் வண்ணம் வடியும். இரண்டு அங்குல பீகாக்குகள் எட்டு வாங்கினேன், எட்டும் கண்ணைப் பறித்தன. நான்காவது மாதம் எட்டும் ஒரே மண் நிறம். ஓராண்டுக்குப் பின் அவற்றில் இரண்டுக்குச் சொந்த நிறம் திரும்பியது, மற்றவை பெண்கள். இதற்கு மருந்தில்லை, காத்திருப்பதுதான். வாங்கும்போதே கவனியுங்கள்: தொட்டியில் உள்ள இரண்டு அங்குலக் குஞ்சுகள் அத்தனையும் ஒரே அளவு நிறத்தோடு இருந்தால் நகர்ந்துவிடுங்கள். இயற்கையான கூட்டத்தில் ஒன்றிரண்டு முந்தியும் மற்றவை சாம்பலாகவும்தான் இருக்கும்.

வளர்ந்துவிட்டது, நிறமே வரவில்லை

பெண்ணாக இருக்கலாம். பீகாக் பெண்கள் வாழ்நாள் முழுக்க மண்நிறப் பட்டைகள்தான். ஃப்ரையெரி பெண் வெள்ளி. எல்லா இனத்திலும் அப்படியில்லை: எல்லோ லாப் இரு பாலும் மஞ்சள், கென்யி வகையில் பெண் நீலம், ஆண் மஞ்சள், அதையே தலைகீழாக நினைத்து ஏமாறுகிறவர்கள் பலர். வாயில் முட்டை சுமக்கும் பெண் மூன்று வாரம் சாப்பிடாமல் மங்கிக் கிடந்தால் அதையும் நோய் என்று எண்ண வேண்டாம். தாடை புடைத்திருக்கிறதா பாருங்கள்.

ஆணாக இருந்து வயது போதாமலும் இருக்கலாம். பீகாக் ஆணில் முதலில் முகத்தில் நீலம் தலைகாட்டும், பிறகு முதுகுத் துடுப்பின் ஓரம், கடைசியில்தான் உடல். முழு வண்ணத்துக்கு ஒன்றரை, இரண்டு ஆண்டுகூட ஆகும்.

இரண்டு வயதைத் தாண்டி, தனித் தொட்டியிலும் மங்கலாகவே இருந்தால் கலப்பினமாக இருக்கலாம். பீகாக் பெண்களைப் பார்த்து இனம் பிரிப்பது கைதேர்ந்தவர்களுக்கே கடினம். இரண்டு வகைகளை ஒன்றாக வளர்த்தால் பிறப்பவை இரண்டின் நிறத்தையும் அரைகுறையாக வாங்கி வரும். அந்த மீனை எந்தத் தீவனத்தாலும் மாற்ற முடியாது. வளர்த்துக்கொள்ளுங்கள், ஆனால் அதன் குஞ்சுகளை வேறு பெயர் சொல்லி யாருக்கும் கொடுக்காதீர்கள். அடுத்த முறை வாங்கும்போது குஞ்சை விட்டுவிட்டு, அதன் தகப்பனைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். நல்ல வளர்ப்பாளர் உற்சாகமாகத் தொட்டிக்குக் கூட்டிப்போவார்.